மூன்று துவக்கும் ஒரு வெள்ளைக் குதிரையும்: சத்தங்குறைப்பான் வாங்க ஓல்போர்க் போன கதை

இந்த ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, வைலேயிலிருந்து ஓல்போர்க்குக்கு மூன்று துவக்குகளோடு, அதாவது துப்பாக்கிகளோடு, போய்வந்தோம். ஊர் பார்க்கப் போகவில்லை. துவக்குகளுக்குச் சத்தங்குறைப்பான் வாங்கப் போனோம். டேனிஷில் அதை லூத்தெம்பர் என்பார்கள். எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிள் ஞாபகத்தில் சைலன்சர் என்பார்கள். வேட்டைக்குப் போகிற தமிழரும் இலக்குச் சுடப் பழகுகிற தமிழரும் இப்போது இந்த நாட்டில் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று என்னிடம் தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. ஆகவே எல்லாருக்குமாகச் சேர்த்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள் றீற்றா. அவள் வைத்தியசாலையில் தாதி, சனி ஞாயிறில் சுடும் சங்கத்தில் இலக்குச் சுடுபவள். நான் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். காதால் கேட்டது எனக்கு மறக்காது. அதனால் கடைக்காரர் சொன்ன விளக்கம் ஒன்றும் சிந்தாமல் இங்கே வரும், பயப்படவேண்டாம்.

முதலில், ஏன் போனோம் என்று சொல்லவேண்டும்.

வைலேக்கு மேற்கே அரைமணி ஓட்டத்தில் யென்ஸ் என்ற விவசாயியின் காடு இருக்கிறது. அதில் வேட்டையாடும் உரிமையை ஆறு பேர் சேர்ந்து வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். நாலு பேர் டேனிஷ்காரர். மற்ற இரண்டு பங்கில் ஒன்று எனக்கு, ஒன்று ஹ்விடோவ்ரேயில் இருக்கும் செல்வத்துக்கு. செல்வம் என்னைவிட எட்டு வயது இளையவன், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. காட்டுக்கு அடுத்த காணியில் கிர்ஸ்டென் என்ற அம்மா குதிரை வளர்க்கிறார். போன இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரு வெடிச்சத்தத்துக்கு அவருடைய வெள்ளைக் குதிரை மிரண்டு, முள்ளுக்கம்பி வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடியது. முன்னங்கால் சதை பிய்ந்து, இரண்டு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தது. சுட்டது செல்வம். சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, சுட்ட திசையும் சரி. ஆனால் குதிரைக்குச் சட்டம் தெரியுமா?

கிர்ஸ்டென் யென்ஸிடம் போய் அழுதிருக்கிறார். யென்ஸ் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: மே பதினாறாம் திகதி கிடா மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு முதல் வெடிக்கு கிர்ஸ்டென் குதிரையோடு வேலியடியில் நிற்பார். சத்தங்குறைப்பான் இல்லாத துவக்கு என் காட்டுக்குள் வரக்கூடாது. குதிரை மறுபடியும் ஓடினால் சுட்டவருடைய பங்கு போகும். எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சொன்னது எல்லாருக்கும் பொதுவாகத்தான், ஆனால் எல்லாருடைய கண்ணும் செல்வத்தின் மேல்தான் இருந்தது. அவன் அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. திரும்பி வரும்போது காரில், "அண்ணை, காடு போனா எனக்குச் சனி ஞாயிறும் திங்கள் மாதிரித்தான்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வைலேயிலேயே கடை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஓல்போர்க்குக்குத் தெற்கே உள்ள ஒரு கடையில், பின்பக்கம் நூறு மீட்டர் சுடும் இடமும் உண்டு. மாதிரிச் சத்தங்குறைப்பானைப் பூட்டிச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். செருப்பைப் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறவன் உண்டா? அதுபோலத்தான் இதுவும்.

செல்வம் வெள்ளி இரவே பெரிய பாலத்தைத் தாண்டி வந்து எங்கள் வீட்டில் படுத்தான். ஹ்விடோவ்ரேயிலிருந்து வைலேக்கு இரண்டரை மணி நேரம். பாலத்துக்குக் கட்டணம் தனி, அதையும் செலவில் சேருங்கள். சனி காலை ஏழரைக்கு றீற்றாவின் காரில் புறப்பட்டோம். துவக்குகள் மூன்றும் வெறுமையாக, பூட்டின பெட்டிகளில் பின்னால். தோட்டாக்கள் வேறு பெட்டியில். ஹோர்சென்ஸ், ஓர்ஹூஸ், றாண்டர்ஸ் என்று வடக்கே நேராக ஏறுகிற பெருந்தெரு. ஏறத்தாழ நூற்றியெண்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். றாண்டர்ஸ் தாண்டித் தெருவோரம் இளைப்பாறுகிற ஒரு இடத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன பாண் ரொட்டியும், வெங்காயம் வதக்கிய சீனிச்சம்பலும் சாப்பிட்டோம். காற்று கன்னத்தில் அறைகிற குளிர். ஏப்ரல் என்று நம்பித் தொப்பியில்லாமல் போகாதீர்கள்.

வழியில் செல்வம் தன் திட்டத்தை அவிழ்த்தான்.

"அண்ணை, மூண்டு பேருக்கும் ஒரே சாமானா எடுப்பம். பெருசா, நல்லதா. மூண்டு எடுக்கிறம் எண்டா விலை குறைச்சுத் தருவான்."

"கலியாணத்துக்குத் தோழியருக்குச் சீலை எடுக்கிற மாதிரியோ?" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான். ஒரே துணிக்கட்டில வெட்டினா மலிவு."

காரை ஓட்டிக்கொண்டிருந்த றீற்றா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "மாமா, சீலை எல்லாருக்கும் அளவு. துவக்குக்கு அப்பிடி இல்லை. பப்பாவின்ரது .308. உங்கடது 6.5. என்ரது .22. மூண்டுக்கும் ஓட்டை வேற."

"ஓட்டைதானே, பெரிய ஓட்டைக்குள்ள சின்னது போகாதோ?"

நம்பினால் நம்புங்கள், அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கொல்லும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்பதேமுக்காலுக்கே கடை வாசலில் நின்றோம். சனிக்கிழமை பத்து மணிக்குத் திறந்து இரண்டு மணிக்குப் பூட்டுவார்கள். பத்துக்குக் கதவு திறந்தது. செல்வம் காரைவிட்டு இறங்கவில்லை.

"பத்தரை மட்டும் ராகு காலம். நான் வரேல்லை."

"மாமா, அது யாழ்ப்பாணத்து ராகுவோ, ஓல்போர்க் ராகுவோ?" என்றாள் றீற்றா. "இஞ்ச சூரியன் ஆறு மணிக்கே வந்திட்டுது. உங்கட கணக்குப் பிழைக்கும்."

"ராகுவுக்கு விசா வேண்டாம் பிள்ளை. அவர் எல்லா இடமும் ஒரே நேரந்தான்."

நான் வேதக்காரன், கிறிஸ்தவன், மன்னார்ப் பக்கம். எனக்கு ராகுவோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஒன்றாக வேட்டைக்குப் போகிறவனை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போவதா? மூன்று பேரும் காருக்குள் இருந்து போத்தல் தேத்தண்ணியைக் குடித்தோம். பத்தரை அடித்தபின் இறங்கினோம்.

கடைக்காரர் பெயர் ஹென்றிக். ஐம்பது வயதிருக்கும், நீண்ட தாடி, பேச்சில் அவசரமே இல்லை. முதலில் எங்கள் அனுமதிகளைப் பார்த்தார். ஒரு விஷயம்: அனுமதி இல்லாமல் இந்தச் சாமானை ஒருவரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. வேட்டைத் துவக்குக்கு ஒரு விதி, விளையாட்டுத் துவக்குக்கு ஒரு விதி இருக்கும், விதிகளும் அவ்வப்போது மாறும். ஆகவே போகுமுன் கடையையும் பொலிசையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு மூன்று துவக்கையும் மேசையில் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டைக் குழாய், நீட்டுக் குழாய், கறுப்பு, சாம்பல் என்று ஒரு அலுமாரி நிறைய இருந்தன. செல்வம் எடுத்த எடுப்பில் ஆகப் பெரியதைக் காட்டி, "இதில் மூன்று, என்ன விலைக்குத் தருவீர்?" என்றான். ஹென்றிக் சிரிக்கவில்லை. அதைக் கையில் எடுத்து, உள்ளே பார்க்கச் சொன்னார். குழாய்க்குள் தட்டுத்தட்டாக அடுக்கு. ஒவ்வொரு தட்டிலும் நடுவில் ஒரு ஓட்டை. சன்னம், அதாவது குண்டு, ஓட்டை வழியே போகும். அதன் பின்னால் வருகிற சூட்டுக் காற்று அந்தத் தட்டுகளில் முட்டி மோதிக் களைத்துப்போய் மெல்ல வெளியே வரும். சத்தம் குறைவது அப்படித்தான்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். .308 அங்குலக் கணக்கு, மில்லிமீட்டரில் ஏழரைக்கு மேல் வரும், ஆகவே 6.5ஐவிடப் பெரிது. .308க்குச் செய்த சத்தங்குறைப்பானை, துவக்குக் குழலின் நுனியில் வெட்டியிருக்கிற திருகுப் புரி பொருந்தினால், 6.5க்கும் பூட்டலாம். ஓட்டை கொஞ்சம் பெரிது, அதனால் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் 6.5க்குச் செய்ததை .308இல் பூட்டினால் சன்னம் தட்டில் அடிக்கும், குழாய் வெடித்து முகத்துக்கு வரும். செல்வம் காரில் சொன்னதில் சரியான பாதியும் கொல்லும் பாதியும் இதுதான். .22 வேறு சாதி. அதற்கான மெல்லிய குழாயைப் பெரிய துவக்கில் பூட்டவே கூடாது, தாங்காது. பெரிய துவக்கின் குழாயை .22இல் பூட்டினால், அந்தச் சின்ன ஈயச் சன்னம் உள்ளே அப்புகிற அழுக்கைத் துடைக்க வழியிருக்காது. .22க்கு வாங்கினால் கழற்றிப் பிரித்துக் கழுவக்கூடியதாக வாங்கவேண்டும்.

"அப்ப தோழியருக்கு ஒரே சீலை இல்லை," என்றேன்.

"சரி சரி, ஆளுக்கு ஒரு சீலை," என்றான் செல்வம்.

எனக்கு ஹென்றிக் காட்டியது குழலை மூடிக்கொண்டு பின்னுக்கும் வருகிற வகை. என் துவக்கை நான் மரத்தின் மேல் கட்டிய சிறு கூண்டில் வைத்துச் சுடுகிறவன். முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால் கூண்டில் தட்டுப்படும். இந்த வகை வெளியே ஒரு சாண் கூட நீளாது. கொஞ்சம் பாரம்தான். ஆனால் பிறகு சுட்டுப் பார்த்தபோது உதைப்பு பாதியாகக் குறைந்தது போல இருந்தது, என் தோளுக்கு அதுவே பெரிய உபகாரம். செல்வம் காட்டுக்குள் நடந்து திரிந்து சுடுகிறவன், அவனுக்குப் பாரம் கூடாது. 6.5க்கென்றே செய்த, இலேசான, முன்னால் மட்டும் பூட்டுகிற ஒன்றை எடுத்தான். கண்ணாடிக்குள் இருந்த விலையுயர்ந்த டைட்டானியத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அலுமினியத்துக்கு வந்தான். வேட்டைக்காரன் வருடத்தில் சுடுவது எத்தனை தரம்? அலுமினியம் தாராளமாகப் போதும். நாள் முழுக்கச் சுட்டுச் சூடேற்றுகிறவர்களுக்குத்தான் இரும்பும் டைட்டானியமும். றீற்றா தன் .22க்கு விரல் தடிப்பில் ஒரு குட்டிக் குழாய் எடுத்தாள். அவளுடைய சங்கத்தில் பயிற்சிக்குப் பூட்டலாம், போட்டிக்குக் கழற்றவேண்டும். உங்கள் சங்கத்தில் என்ன வழக்கம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விலை, நாங்கள் வாங்கிய அன்று, பெரியவை இரண்டும் நாலாயிரம் ஐயாயிரம் குரோனர், குட்டி ஆயிரத்துக்குள். செல்வம் எவ்வளவோ கதைத்தும் ஹென்றிக் ஒரு குரோனரும் குறைக்கவில்லை. துடைக்கிற துணி மூன்று இலவசமாகத் தந்தார். அந்தத் துணிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

சுடும் இடம் கடைக்குப் பின்னால். மணிக்கு நூற்றைம்பது குரோனர், சாமான் வாங்கினால் இல்லை. ஹென்றிக் இலக்குத் தாள்களைக் கொண்டுவர உள்ளே போன நேரம் செல்வம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். கோயில் சந்தனம். புதுக் கார் வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் தொடாத குடும்பம் அது.

"அண்ணை, உங்கடதுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டே?"

"எனக்கு வேண்டாம். எனக்குச் சிலுவை போதும்," என்று நான் என் துவக்கின் மேல் சிலுவை அடையாளம் போட்டேன். "என்ர சாமி பிசுபிசுக்காது."

"உங்கட சாமிக்கு வாசமும் இல்லை," என்றான் செல்வம். துவக்கோடு அந்தப் பக்கம் திரும்பினான். மரப்பிடியில்தான் வைக்கிறான் என்று நினைத்தேன். சத்தங்குறைப்பானைத் திருகிப் பூட்டிவிட்டு, சுவரோரம் தாங்கியில் வைத்துவிட்டு வந்தான்.

முதலில் என்னுடையது. சத்தங்குறைப்பான் பூட்டினால் சன்னம் விழும் இடம் மாறும், மறந்துவிடாதீர்கள். என் முதல் மூன்று சன்னமும் பழைய இடத்துக்கு ஒரு கையகலம் கீழே விழுந்தன. ஸ்கோப்பைத் திருகித் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன். காதுமூடி போட்டபடிதான் சுட்டோம். சத்தம் குறையும், இல்லாமல் போகாது. படங்களில் வருவதுபோல் 'புஸ்' என்று கேட்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முன்பு ஆளை உலுக்கிய சத்தம் இப்போது பலகையில் சுத்தியலால் அடித்த சத்தம். என் இடது காது தொழிற்சாலையிலேயே போய்விட்டது. வலது காதுதான் எனக்கு வாசிப்பு, எழுத்து எல்லாம். அது அன்றைக்கு எனக்கு நன்றி சொன்னது. பிறகு றீற்றாவின் .22. மெதுவான தோட்டா போட்டுச் சுட்டாள். துவக்கின் சத்தத்தைவிடத் தாளில் ஓட்டை விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. "பப்பா, இது பூனைக்குட்டி!" என்று துள்ளினாள். இதை எழுதும்போது வெட்டப் பார்த்தாள், நான் விடவில்லை.

இதற்கிடையில் ஒரு மணி நேரம் போய்விட்டது. செல்வத்தின் முறை. ஹென்றிக், சுடுமுன் ஒரு நேர்க்கம்பியைக் குழலின் பின்பக்கத்தால் விட்டு, முன்னால் எங்கே வருகிறது என்று பார்ப்பார். என்னுடையதிலும் றீற்றாவினதிலும் கம்பி நட்டநடுவில் வந்தது. செல்வத்தினதில் வந்த கம்பி ஓட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஹென்றிக் கையை உயர்த்தினார். "இதை ஒருவரும் சுடக்கூடாது."

திரும்பவும் விட்டுப் பார்த்தார், அதே இடம். கழற்றாமல் இன்னும் இறுக்கிப் பார்த்தார், மாற்றமில்லை. குழல் வாயில் வெட்டியிருக்கிற புரி கோணலாக இருக்கவேண்டும் என்றார். போன மாசிதான் செல்வம் ஒரு ஆளிடம் கொடுத்துப் புரி வெட்டுவித்தவன். வெட்டித் திருத்தவேண்டும், துவக்குத் திருத்துகிறவரிடம் விட்டால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லும், வேட்டை தொடங்கும் காலம், எல்லாரும் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்றார்.

ஆறு கிழமை என்றால் மே பதினாறு போய்விடும்.

செல்வம் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் அப்படியே குந்திவிட்டான். "அந்தக் குதிரை என்னை விடாது அண்ணை," என்றான். நான் என் துவக்கைத் தருகிறேன் என்றேன். "உங்கட துவக்கை நான் எடுத்தா நீங்கள் என்ன, கவணோ கொண்டு வாறது?" என்றான். சிரிப்புக்குத்தான் சொன்னான், முகத்தில் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

ஹென்றிக் புரியைப் பார்க்க அந்தக் குழாயைக் கழற்றினார். கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் கழன்றது. றீற்றா எட்டிப் பார்த்தாள். புரி முடிகிற இடத்தில், குழாய் வந்து தட்டி உட்காருகிற தோள் போன்ற விளிம்பில், ஒரு பக்கம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி மூக்கில் பிடித்தாள். மெல்லத் திரும்பினாள்.

"மாமா, பொட்டை எங்க வைச்சனீங்கள்?"

"வாயில."

"எந்த வாயில?"

"துவக்கின்ர வாயில பிள்ளை. வெளியில வைச்சா கடைக்காரன் பார்த்துச் சிரிப்பான் எண்டு உள்ளுக்க வைச்சனான். நல்லா அப்பித்தான் வைச்சனான், முதல் நாளெல்லே."

"ஹோல் நு ஒப்!" என்று அவள் டேனிஷில் கத்தினாள். விடுங்கோ, போதும் என்று அர்த்தம். பிறகு சிரிப்பு. கடையிலிருந்து கிடைத்த துணியை நனைத்து, அந்த விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். ஹென்றிக் ஒரு சின்னத் தூரிகையால் புரியின் இடுக்குகளையும் குழாயின் உள்வாயையும் சுத்தமாக்கினார். ஒரு மயிர் தடிப்புக்கு ஒரு பக்கம் மட்டும் ஏதாவது நின்றால் போதுமாம், குழாயின் மறுமுனையில் அது கோணலாகிவிடும்.

மறுபடி பூட்டினார். கம்பியை விட்டார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கம்பி நட்டநடுவில் வந்து நின்றது, நிலவு மாதிரிச் சுற்றிவரச் சமமான இடைவெளி.

"மாதாவே!" என்றேன் நான். "முருகா!" என்றான் செல்வம். ஹென்றிக் துணியை மோந்து பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் துவக்குக்கு இந்த எண்ணெயா போடுவீர்கள் என்று கேட்டார். செல்வம் விளக்கினான், புதுச் சாமானுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று வைப்பது என்று. ஹென்றிக் தாடியைத் தடவினார். "வாசம் நல்லது. ஆனால் இரும்புக்கு வேண்டாம். எனக்கு வையுங்கள்," என்று தலையைக் குனிந்தார். செல்வம் நெற்றி நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டான். அந்தப் பொட்டோடுதான் அவர் அடுத்து வந்த வாடிக்கையாளரைக் கவனித்தார்.

செல்வம் சுட்டான். ஸ்கோப்பைத் திருத்தினான், பிறகு மூன்று சன்னம். போய்ப் பார்த்தால் மூன்று ஓட்டையையும் ஒரு இருபது குரோனர் காசால் மூடலாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், சந்தன டப்பாவோடு.

இரண்டு மணிக்குக் கடை பூட்டியது. ஓல்போர்க் துறைமுகத்தோரம் போய், கறுப்புப் பாணில் பொரித்த மீன் வைத்த சாப்பாடு ஆளுக்குத் தொண்ணூற்றைந்து குரோனர் கொடுத்துச் சாப்பிட்டோம். ஒருவர் காரிலேயே துவக்குகளோடு இருக்கவேண்டும், தனியே விட்டுப்போகக் கூடாது. ஆகவே முறைவைத்துச் சாப்பிட்டோம். அந்த மீனுக்காகவே ஒருமுறை போகலாம். ஆறு மணிக்கு வைலே.

மே பதினாறு. விடிகிற நேரம், புல்லெல்லாம் பனி. கிர்ஸ்டென் சொன்னபடி வேலியடியில் நின்றார், வெள்ளைக் குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி. யென்ஸ் அவருக்குப் பக்கத்தில். நான் காட்டு விளிம்பில் என் கூண்டில். அங்கிருந்து குதிரை நானூறு மீட்டர் இருக்கும். மான் வந்தாலும் நான் சுடுவதாக இல்லை. முதல் வெடி செல்வத்தினது என்று ஓல்போர்க் போன அன்றே முடிவு செய்திருந்தோம். நான் துவக்கை மடியில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியால் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முன்னங்காலில் போன வருடத்து வடு ரோமமில்லாமல் தெரிந்தது.

காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ பலகையில் ஒரே ஒரு தடவை தட்டினது போல.

குதிரையின் ஒரு காது திரும்பியது. ஒரு காதுதான். தலையைக்கூட முழுதாகத் தூக்கவில்லை. அந்தக் காது கொஞ்ச நேரம் எங்கள் பக்கம் நின்றது. பிறகு தானாக முன்னால் போனது. குதிரை புல்லை மேய்ந்தது.

கிர்ஸ்டென் கழுத்திலிருந்த கையை எடுத்து, காட்டைப் பார்த்து உயர்த்தினார். நான் கூண்டுக்குள் தனியே இருந்து கைதட்டினேன். வேட்டைக்காரன் செய்யக்கூடாத வேலை. பரவாயில்லை.

செல்வம் ஒரு நல்ல கிடாவோடு வெளியே வந்தான். டேனிஷ் வழக்கப்படி அதைத் தளிர்க் கிளைகளின் மேல் கிடத்தி, தொப்பிகளைக் கழற்றி நின்றோம். யென்ஸ் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து அவன் தொப்பியில் செருகினார். "அடுத்த வருஷமும் உன் பங்கு உனக்குத்தான்," என்றார். கிர்ஸ்டென் குதிரையை வேலிக்குக் கிட்டக் கொண்டுவந்தார். செல்வம் சட்டைப் பையிலிருந்து கரட் ஒன்றை எடுத்து நீட்டினான். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறான். அது சாப்பிடும்வரை அதன் வடுவைத் தடவிக்கொண்டு நின்றான்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல மிச்சமிருப்பது கொஞ்சம்தான். உங்கள் துவக்கின் கலிபரையும் குழல் வாயின் புரி அளவையும் தெரிந்துகொண்டு போங்கள், புரி அளவு துவக்குக்குத் துவக்கு மாறும். துவக்கையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. குழல் கட்டையானதா, தோட்டா பலமானதா என்று கடைக்காரருக்குச் சொல்லுங்கள், எல்லாக் குழாயும் எல்லாத்தையும் தாங்காது. பூட்டுமுன் துவக்கு வெறுமை என்று இரண்டு தரம் பாருங்கள். பூட்டியபின் நேராக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்காமல் முதல் சன்னத்தைச் சுடவேண்டாம். சுட்ட கையோடு குழாயைத் தொடாதீர்கள், தோசைக்கல் மாதிரிச் சுடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயவையுங்கள். பூட்டியபடி விட்டால் உள்ளே ஈரம் நின்று குழலும் துருப்பிடிக்கும். ஆகப் பெரியதுதான் ஆக நல்லது என்று எண்ணாதீர்கள். நடக்கிறவனுக்கு இலேசு, கூண்டில் இருக்கிறவனுக்குக் கட்டை, இலக்குச் சுடுகிறவனுக்குக் கழுவக்கூடியது. காதுமூடியை மட்டும் விட்டுவிடாதீர்கள், காது ஒருமுறை போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பொட்டு வைக்கிற பழக்கமுள்ளவர்கள் தாராளமாக வையுங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரும்பில் அல்ல, நெற்றியில் வையுங்கள். மே பதினாறு காலை காட்டுக்குச் செல்வம் அப்படித்தான் வந்திருந்தான்.